ஆறில் ஒன்று மீற்றர்

என் அன்பு டிலானிக்கு,

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்துவிட்டது. உன் படத்துக்கு முன்னால் நம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை நம் பாடசாலைச் சஞ்சிகைக்கு எழுதுகிறேன்.

அந்தக் கணக்கு ஞாபகமிருக்கிறதா? ஐந்தரை மீற்றர் ரிப்பனை மூன்றில் இரண்டு மீற்றர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை முழுத் துண்டு, மிச்சம் எவ்வளவு? வலயக் கணிதப் போட்டிக்கு வகுப்பில் ஒருவரைத் தெரிவு செய்ய வைத்த பரீட்சை அது. வழக்கம்போல கணக்கு சேர் என் கையில் சிவப்புப் பேனையைத் தந்து, "நிரோஷா, நீயே திருத்திடு" என்றார். வகுத்தால் எட்டேகால் வருகிறது. ஆகவே மிச்சம் கால் மீற்றர் என்று நான் எழுதியிருந்தேன். நீ ஆறில் ஒன்று என்று எழுதியிருந்தாய். பிழை போட்டேன்.

நீ கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாய்.

"அது துண்டுல கால்டி. மீற்றர்ல கால் இல்ல. வேணும்னா ஒரு ரிப்பன வெட்டிப் பாரு."

"கணக்க யாரும் கத்தரிக்கோல்ட்ட கேக்க மாட்டாங்க," என்றேன்.

பின்னாலிருந்து ஒருத்தி, "கார்மெண்ட் கணக்குடி அது," என்றாள். உன் அம்மா பல்லேகலையில் துணி தைக்கும் கார்மெண்டில் வேலை செய்வது எல்லோருக்கும் தெரியும். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ கொப்பியை மூடிக்கொண்டு போய் உன் கதிரையில் உட்கார்ந்தாய். அந்தக் கணக்கின் இரண்டு புள்ளிகளால் போட்டிக்கு நான் தெரிவானேன்.

இதுவரை நடந்தது தெரியாமல் செய்த பிழை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லக் கூசுகிறது.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது சேர் எனக்குத் தனியாகப் பயிற்சி தந்தபோது அதேமாதிரி ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்தார். எட்டேகாலில் உள்ள கால், ஒரு துண்டின் கால் என்றார். மூன்றில் இரண்டில் கால் எடுத்தால் ஆறில் ஒன்று. நீ எழுதியிருந்த அதே விடை. அடுத்த அறையில்தான், நம் வகுப்பில், நீ இருந்தாய். ஒரு சுவர்தான் நடுவில். அந்த எட்டு நாளும் நான் வாய் திறக்கவில்லை. போட்டிக்குப் போனேன், மூன்றாம் இடம் வந்தேன். நீ கைதட்டினாய். அடுத்த வாரம் உனக்கு டெங்குக் காய்ச்சல்.

நீ ஏன் சேரிடம் போகவில்லை என்று நான் பலமுறை யோசித்தேன். என்மேல் கோபமா? பயமா?

செவ்வாய்க்கிழமை உன் அம்மா ஹுன்னஸ்கிரிய வீட்டிலிருந்து உன் கொப்பிகளை எடுத்துப்போக வந்தார். என்னைத்தான் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். அவர் விரித்தது அந்தப் பக்கத்தையே.

"இந்தச் சிவப்பு யார் போட்டது, மகள்?"

"நான்தாம்மா. அவ செஞ்சது சரி. நான்தான் பிழையாப் போட்டேன்."

அவர் கோபப்படவில்லை. "தெரியும் மகள். அன்னைக்கே வீட்ல ரிப்பன வெட்டிப் பாத்தா. நானுந்தான் அளந்தேன். போய் சேர்ட்ட காட்டுன்னேன். 'விடும்மா, நிரோஷா கெட்டிக்காரி, அவளே கண்டுபிடிச்சு வந்து சொல்வா'ன்னா."

டிலானி, நான் கண்டுபிடித்தேன். ஆனால் வந்து சொல்லவில்லை. நான் வருவேனென்று நீ எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாய்?

சேரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "நானும் பாக்காம விட்டுட்டேனே," என்றார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, போட்டிக்குப் போன அந்த இடம் உன்னுடையது என்று சொல்வேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இனி என் பிழை எனக்குத் தெரிந்த அன்றே, உரியவர் முகம் பார்த்துச் சொல்வேன். உனக்குத்தான் அப்படிச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

உன் அம்மா மகள் என்று கூப்பிட்டதால் மட்டும்,
உன் சகோதரி
நிரோஷா