நிலா வடக்கே தள்ளிக் கிளம்பின வருசம்

மார்கழி 17, திங்கள்

விடிய மழை. திருவெம்பாவைச் சங்கு கேட்டது, பாடுற ஆக்கள் வரல்ல. இங்கிலீசு வருசம் 2007 பிறந்ததாம்.

எழுத்து இன்னும் கோணல். பள்ளிக்கூடமே போகாதவன் நான். இளைய மகள் மலர் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். போன வருசம் முழுக்க அவள்ர வகுப்பில பின்னால இருந்து பழகினது இவ்வளவு. கடவுளுக்கும் அவளுக்கும் நன்றி.

என்ர தோணித் துடுப்பு இன்னும் மருமகன்ர, மலர்ர புருசன்ர, அறையில, பூட்டுக்குள்ள. ஒரு மாதமாச்சு.

நடந்ததை எழுதி வைக்கிறன். கார்த்திகைப் பறுவம், முழு நிலா. வாவியில வலை எடுத்துக்கொண்டு அந்தியில குருக்கள்மடக் கரைக்குத் திரும்பினன். வானம் மப்பு, கரை தெரியல்ல. கிழக்கே நிலா மட்டும். பழைய குறி ஞாபகம்: மழைகாலப் பறுவத்தில நிலா எங்கட கோயில் துறைக்கு நேரே கிளம்பும். அதைப் பிடிச்சுத் துடுப்பு வலிச்சன். போய் நிண்டது துறைக்கு வடக்கே, ஆமி காவலரணுக்கு முன்னால. கையை உயர்த்தினன். ஒரு ஆமிப் பொடியன் டோர்ச் அடிச்சுப் பாத்து, "சீயா, யன்ன" எண்டு சிங்களத்தில தாத்தாவைப் போகச் சொல்லிக் கை காட்டினான். நல்லா இருக்கட்டும் அவன்.

வீட்டில நான் சொன்னது ஒண்டுதான்: நிலா இடம் மாறி நிக்குது. மருமகன் மகளைப் பாத்தார். அடுத்த நாள் துடுப்பைக் காணல்ல.

மார்கழி 18, செவ்வாய்

மழை விட்டுது. கருவாட்டுக் குழம்பு. முழங்கால் நோ, எண்ணெயும் முடிஞ்சுது.

குசினியில மருமகன் மெதுவாச் சொன்னது: "மாமாவுக்குத் தலை குழம்பிற்றுது புள்ள. தனிய விடாத." காது இன்னும் பழுதில்லை எண்டு அவருக்குத் தெரியாது. கோவமில்லை. பயத்தில சொல்லுறார்.

எனக்கும் பயம். மத்தியானம் படுத்துக்கிடந்து பழசெல்லாம் சொல்லிப் பாத்தன், மறந்து போச்சோ எண்டு.

ஐயாவோட வலை இழுத்த மார்கழி: நிலா வடக்கே தள்ளி.
மூத்தவள் பிறந்த மார்கழி: வடக்கே.
இந்தியன் ஆமி நிண்ட மார்கழி: வடக்கே.
வட்டை வயல் பக்கம் மூத்தவள் வீட்ட குடிபோன வருசம், இப்ப பத்து வருசம்: கோயில் துறைக்கு நேர். பிறகு இஞ்ச திரும்பி வரும்வரை வாவி நிலாவைப் பாக்கல்ல.

மலரிட்டச் சொன்னன். வடக்கே நிண்ட மார்கழிகளுக்கு இடையில எத்தனை வருசம் எண்டு விரல் மடிச்சு எண்ணினாள். பத்தொன்பது, பத்தொன்பது, இப்பவும் பத்தொன்பது. அலுமாரியில இருந்து பிள்ளைகள்ர விஞ்ஞானப் புத்தகம் எடுத்தாள்.

மார்கழி 19, புதன். பறுவம்

லீவுதான். ஆனாலும் சண்டையில இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்காக மலர் காலையில வகுப்பு வைக்கிறாள். நான் பின் வாங்கில.

அலுமினியத் தட்டொண்டைச் சிமெந்தில சுழட்டி விட்டாள். ஓயப்போற நேரம் தட்டு ஒரு பக்கம் சரியும், அந்தச் சரிவு சுத்திச் சுத்தி வரும். நிலா ஓடுற வழியும் இப்பிடிச் சரிஞ்ச தட்டுத்தானாம். அந்தச் சரிவு மெல்ல மெல்லத் திரும்புமாம். அதால சில வருசம் நிலா வடக்கேயும் தெற்கேயும் தூரப் போகும். ஒன்பது வருசம் கழிச்சு அவ்வளவு தூரம் போகாது. முழுச் சுத்து முடியப் பதினெட்டரை வருசத்துக்கு மேல.

முன்னால இருந்த குட்டி ஒண்டு: "ரீச்சர், நிலாவும் இடம்பெயருதா?"

"ஓம் மனே. ஆனா திரும்பி வரும்."

"அவ்வளவு வருசமா? நாங்க அதுக்கு முதல் வீட்ட போயிருவம்."

மலர் பலகைப் பக்கம் திரும்பி நிண்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கினது. எனக்குத் தலை குழம்பல்ல. பத்து வருசத்துக்கு முந்தின குறியை இந்த வருச நிலாவுக்கு வச்சதுதான் பிழை.

மார்கழி 20, வியாழன்

நேற்று அந்தி மூண்டு பேரும் கரைக்குப் போனம், மருமகனுக்குக் காட்ட. ஒரே முகில், தூறல். நிலா கிளம்பினதே தெரியல்ல. அரை மணித்தியாலம் ஒரு குடைக்குள்ள. எனக்கு வெட்கமாப் போச்சு.

மருமகன் பாதி நனைஞ்சுகொண்டு நிண்டார். பிறகு சொன்னார்: "மாமா, மலர் எல்லாம் விளங்கப்படுத்தினவள். நீங்க சொல்லுறதை நம்புறன். ஆனா சுடுறவன் நிலாவைப் பாத்தோ சுடுறான்?"

நான் குடையை அவர் பக்கம் சரிச்சுப் பிடிச்சன்.

வீட்ட வந்து அறையைத் திறந்தார், துடுப்பைக் கொண்டுவந்து தந்தார். இனி அந்தியில போகமாட்டன், விடிஞ்ச பிறகுதான் எண்டு நானாகவே சொன்னன்.

இண்டைக்குக் காலையில தோணியில. மூண்டு மணலை மீன், கொஞ்சம் இறால்.

ஒரு மாதமாச் சோத்தைப் பிசைஞ்சு வச்சுப்போட்டு எழும்புறவள் மலர். இண்டைக்கு ரெண்டாந்தரமும் போட்டுத் திண்டவள்.