இருமல் இல்லாத நாளிலும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுப் பயலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, தண்ணீர் மோட்டார்கள் என்னை நம்பித்தான் கெட்டுப் போகின்றன. வீட்டுக்கு வந்தால்தான் பொழுது நகரமாட்டேன் என்கிறது, உன் அம்மா இருந்தவரை சண்டை போடவாவது ஆள் இருந்தது, இப்போது குக்கர் விசில் அடித்தால்கூட யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அழுதால் நான் பாதியிலேயே போனை வைத்துவிடுவேன், அதனால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

குழந்தைக்கு ஐந்தாவது முறையாக அந்த நாய் குரைக்கிற மாதிரி இருமல் வந்தது என்றாயே, மறுநாளே இங்குள்ள குழந்தை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் கிளினிக்கில் தண்ணீர் என் தயவில்தான் ஏறுகிறது, அதனால் எனக்கு டோக்கன் கிடையாது. ஒரு தடவை வந்தால் கிருமி, சளி பிடித்துத் தொண்டை வீங்கியிருக்கும், திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மூச்சுக்குழாய் ஏற்கெனவே குறுகலாக இருக்கலாம், குடித்த பால் புளித்து மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்கலாம், ஒவ்வாமையாகவும் இருக்கலாம் என்றார். பிறந்தபோது தொண்டையில் குழாய் போட்டார்களா என்று கேட்டார். குறைமாதத்தில் பிறந்து ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடந்தானே, அதை அங்கே உள்ள டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். பிழைத்து வந்த பிள்ளை, பழசை யாரிடமும் கிளறாதே என்று உன் வாயைக் கட்டிப் போட்டவனே நான்தான். நல்லது என்று நினைத்துச் செய்த முட்டாள்தனம், என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, ஆனால் சொல்லிவிடு.

அந்த டாக்டரிடம் இன்னொன்றும் சொல். இருமல் இல்லாத நாளிலும் அவன் சிரித்துவிட்டு மூச்சை உள்ளே இழுக்கும்போது சன்னமாக ஒரு கீச்சுச் சத்தம் வருகிறது. உறிஞ்சுகிற குழாய் அடைத்துக் குறுகிப்போன மோட்டார் அப்படித்தான் கத்தும், நாற்பது வருடமாக என் காதுக்கு அதுதானே வேலை. கூடவே இருக்கிற உனக்குப் பழகிப்போயிருக்கும், அது உன் தப்பில்லை. அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லையம்மா. அவன் தாத்தா என்று சொன்ன முதல் நாளிலிருந்து எல்லாம் இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் வரிசையாக ஓடவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். பேச்சுத் துணைக்கு வைத்திருந்தேன். போன வாரம் காது கொடுத்துக் கேட்டால் எல்லாவற்றிலும் அந்தச் சத்தம். இத்தனை நாளும் அதைக் குழந்தையின் செல்லம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன் பார்.

பயப்படாதே, தொண்டைக்குள் சின்னதாகக் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், சரிசெய்ய வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். நடுவில் மூச்சுத் திணறினால் எனக்குப் போன் பண்ணிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

மூன்று பேரும் நூறு வயது இருங்கள். குழாய் விஷயத்தை மறக்காமல் சொல். எல்லாம் சரியானதும் அவனை ஒரு தடவை நன்றாகச் சிரிக்க வைத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பு, அது வந்த அன்றைக்கே பழையதை எல்லாம் அழித்துவிடுகிறேன்.

உன் அப்பா