அம்மா அன்று ஏன் முகம் சுளித்தாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம்தான், படி ஏறும்போது முழங்கால் மட்டும் தகராறு செய்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் ஸ்டூடியோவில் இப்போது பாஸ்போர்ட் படம்தான் ஓடுகிறது. போன ஞாயிறு குட்டி போனில், "தாத்தா, முகம் சுளிக்கிறதுன்னா என்ன, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு" என்று கேட்டாளே, நீ பின்னாலிருந்து, "உங்க பாட்டி போட்டோவைப் பாரு, தெரியும்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அகராதியைப் பார்த்தேன். சினத்தல், முகம் கோணுதல் என்று போட்டிருக்கிறது. சுளுக்கும் அதற்குச் சொந்தமாக இருக்குமோ என்று தோன்றியது, அது என் ஊகம்தான், குட்டியிடம் அப்படியே சொல். முகங்களைப் பார்த்தே பிழைத்தவனுக்குத் தெரிந்தது ஒன்று உண்டு, பிடிக்காமல் சுளிக்கிற முகமும் வலியில் சுளிக்கிற முகமும் படத்தில் ஒன்றுபோலத்தான் விழும். நீ வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று கேமராவில் டைமர் வைத்து மூவரும் நின்றோம். நீ அம்மாவின் தோளில் கை போட்டதும் அவள் முகம் சுளித்தாள், அதுவே படத்தில் விழுந்துவிட்டது. "இன்னைக்குமா மூஞ்சியைக் காட்டணும்" என்று நான் எரிந்து விழுந்தேன், நீ சட்டென்று கையை எடுத்துக்கொண்டாய். உன்னை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது காரில் சொன்னாள், "அவ கை வெச்சதும் உயிரே போயிடுச்சுங்க. ரெண்டு மாசமா அங்க ஒரு கட்டி இருக்கு. சொல்லிடாதீங்க, டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்பி வந்துடுவா." நானும் சொல்லவில்லை. அதற்கு ஐந்தாம் மாதம் அவள் கண்ணை மூடியபோது, திடீரென்று என்றுதான் உனக்குச் சொன்னேன். நீ போவது பிடிக்காமல் முகத்தைக் காட்டினாள் என்று பதினோரு வருஷமாக நினைத்திருக்கிறாய், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இங்கே மாட்டியிருக்கும் படத்தில் அவள் நெற்றியையும் உதட்டையும் கம்ப்யூட்டரில் நீவி நேராக்கினேன். இப்போது அதிலிருந்து யாரோ ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டூலில் உட்காரும் பெண்கள் லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கினால்கூட, "எங்கேயாவது வலிக்குதாம்மா" என்று கேட்டுவிடுகிறேன். நேற்று பேங்க் மேனேஜரம்மா பயந்து எழுந்தே போய்விட்டார்.

உன் மேல் அவளுக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. கடைசி வாரம்கூட ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "எம்பொண்ணு தனியாவே ஏரோப்ளேன் ஏறிப் போயிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் நிறைந்து வாழ வேண்டும், குட்டிக்கு என் முத்தம். போன மாதம் முதுகு வலி என்றாயே, டாக்டரிடம் காட்டு. அவர் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுது.

உன் அப்பா