இரண்டு டி டிரைவ்

தம்பி,

பேக்கப் தினமும் "வெற்றி" என்றுதான் காட்டியது. உன் படத்தின் காட்சிகள் மட்டும் அதில் இல்லை. "அக்கா, உன் பேக்கப்பு ஏட்டுச் சுரைக்கா!" என்று நேற்று நீ கத்தினாய்.

காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது. பேக்கப் மென்பொருள் டிஸ்கை 'டி' என்ற எழுத்தால் அறிவதில்லை, உள்ளே பதிந்த அடையாள எண்ணால்தான் அறிகிறது. போன மாதம் நீ வேறு டிஸ்க் மாட்டினாய் அல்லவா? கதவு எண் அதேதான், குடியிருப்பவர் வேறு. பழையவரைத் தேடி, ஆள் இல்லை என்றதும் கணினியின் மற்ற டிஸ்கை மட்டும் நகலெடுத்துக்கொண்டு "வெற்றி" என்று திரும்பிவிடுகிறது.

நானே சரிசெய்திருப்பேன். நீதான் கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாயே! உன் படம் இருக்கும் டிஸ்க் வேறு கடகடவென்கிறது. கணினியை அணைக்காதே, மறுபடி எழாமல் போகலாம்.

சாவி செருப்பு அலமாரி மேல். சோறு மூடி வைத்திருக்கிறேன். கோபம் என்மேல்தானே, சோற்றின்மேல் இல்லையே?

– அக்கா

பி.கு.: சாப்பிடும் முன் இதைச் செய். பேக்கப் அமைப்புகளில் 'டிஸ்குகள்' பக்கத்தைத் திற. அங்கே இரண்டு 'டி' இருக்கும். மங்கலாகத் தெரியும் பழையதன் டிக்கை எடு, புதியதற்கு டிக் போடு, சேமி, 'இப்போதே தொடங்கு' என்பதை அழுத்து.