நல்லா இருக்கறனுங்க

மச்சான்,

என் துண்டில் டிஞ்சர் வாசம் ஏறியிருக்கிறது. இரண்டு முறை சவுக்காரம் போட்டு அலசியும் போகவில்லை. காலையில் உன் தங்கை மகனை, அதாவது என் பிள்ளையை, சேலத்துக்குப் பட்டாள டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தேன். அவன் பர்மாச் சண்டையிலிருந்து திரும்பி மூன்று மாதம் ஆகிறது. உன் தங்கை துண்டை வாங்கி மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். உன் தொடைப் புண்ணுக்குக் கட்டு மாற்றி மாற்றிக் கட்டியவள், அந்த வாசம் அவளுக்கு மறக்குமா?

நீ போய் இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. என் ஆத்திரம் மட்டும் ஆறவில்லை.

நீ பட்டாளத்தில் சேர்ந்த அன்று நானும் கூட வந்திருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். மார்பை அளந்தார்கள், கண் இமையைப் புரட்டினார்கள், ஓடவிட்டு மூச்சைக் கேட்டார்கள். சந்தையில் காளை வாங்குகிறவன்கூட அத்தனை சுழி பார்க்க மாட்டான். "நம்மூருச் சந்தையில நின்னிருந்தா இன்னங்கொஞ்சம் நல்ல வெலைக்குப் போயிருப்பனுங்க மாப்ள" என்று சிரித்தாய். ஒரே பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகிய எனக்கு நீ மரியாதை போட்டுப் பேச வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு நீ கேட்கவே இல்லை.

முந்தின உலகச் சண்டை முடிந்து பஸ்ராவிலிருந்து நீ திரும்பி வந்தபோது வலது தொடைக்குள் குண்டுச் சில்லு ஒன்று தங்கியிருந்தது. மாதத்துக்கு ஒரு தரம் புண் உடைந்து சீழ் வடியும். நம் வைத்தியர் களிம்பு போட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள இரும்பு கெடக்குதுங்க. அறுத்துத்தான் எடுக்கோணும்" என்று கைவிரித்தார். மதராஸில் பட்டாள ஆஸ்பத்திரி இருந்தது. அதில் சேர வேண்டுமானால் சேலத்துக்கு வரும் வெள்ளைக்கார டாக்டர் உன்னைப் பார்த்து எழுதித் தர வேண்டும். நாம் கேட்டது அந்த ஓர் எழுத்தைத்தான்.

விடியுமுன் வண்டி கட்டிப் போனோம். செவ்வாய்ப்பேட்டையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பெரிய மனுஷரைப் பார்க்கப் போகிறோம் என்று எலுமிச்சம்பழம் வாங்கினாய். பங்களா வாசலில் கைத்தடியைச் சுவரோரம் சாத்தினாய். "தடி இல்லாமல் எப்படி நடப்பாய்?" என்றேன். "பெரியவங்க முன்னால தடி ஊனிட்டு நிக்கறதுங்களா?" என்றாய். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஊனமே இல்லாதவன்போல உள்ளே நடந்தாய். மேஜைக்கு எதிரே விறைப்பாக நின்று சலாம் வைத்தாய்.

நான்தான் மொழிபெயர்ப்பாளன். படித்த நாலு எழுத்து இங்கிலீஷ் இன்றைக்கு உதவுகிறது என்ற பெருமை வேறு எனக்கு. எப்படி இருக்கிறாய் என்று டாக்டர் காகிதத்திலிருந்து தலை நிமிராமலே கேட்டார். நீ கைகூப்பி, "சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறனுங்க" என்றாய்.

நான் அதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அவர் நீ நிற்கிற நிலையை ஒரு தரம் பார்த்தார், எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். நான் மேலே பேச வாயெடுத்ததும் சேவகன் நம்மை வெளியே அனுப்பிவிட்டான். உடம்பில் குறையில்லை என்று அவர் எழுதியது பதினைந்து நாள் கழித்துத் தபாலில் வந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் வைத்து உன்னைத் திட்டினேன். "மொதல்ல கேக்கறப்பவே வலிக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுங்களா மாப்ள? அவரு டாக்டரு, பாத்தாத் தெரியாதுங்களா?" என்றாய். பார்த்தால் தெரிந்திருக்கும். பார்த்தால்தானே! மறுபடியும் மூன்று மனு எழுதினேன். முன்பே பரிசோதித்தாகிவிட்டது என்று ஒரே பதில். இரண்டாம் வருஷம் ஐப்பசியில் புண்ணிலிருந்து விஷம் ஏறி, சுரத்தில் பிதற்றிச் செத்தாய். ஊரே துக்கம் கேட்டது. எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. அந்த டாக்டர் மேல், என் மேல், மரியாதை கெடாமல் செத்துப்போன உன் மேலும்தான்.

இப்போது இவன். காட்டுக் காய்ச்சலும் விலாவில் ஆறாத புண்ணுமாக வந்தவன், வழியெல்லாம் நான் படித்துப் படித்துச் சொல்லியும், இன்று டாக்டர் கேட்டதும் உன் மருமகன் என்பதைக் காட்டிவிட்டான். "நல்லா இருக்கறனுங்க" என்றான். இந்த டாக்டரும் பேனாவை எடுத்தார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. "இவன் பொய் சொல்லுகிறான், சட்டையைக் கழற்றிப் பாருங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வாசலில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் சிவந்தது. ஆனாலும் எழுந்து வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். கட்டைப் பிரித்தார், மோந்தார். நான் துண்டை மடித்துப் புண்ணுக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். அவரே டிஞ்சர் ஊற்றிக் கழுவிவிட்டு, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

உன் தங்கை சாமிக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறாள். நானும் சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் அவனை அங்கேயே சேர்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன் மச்சான். இவ்வளவுதானா? ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரமாகிவிட்டது? அன்றைக்கு உன் வேட்டியை நானே ஒரு சாண் விலக்கிக் காட்டியிருந்தால் போதும். உன் மரியாதையைக் கெடுக்கக் கூடாது என்று நானும் கைகட்டி நின்றேன்.