மிளகு அறையில் நான்கு பெட்டிகள்

பாய்,

இன்று காலை மிளகு அறையின் கதவைத் திறந்து உங்கள் பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுத்தேன். மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்தவை. விசிறிகள் சுற்றத் தொடங்கியதும் தூசி சூடாகும் அந்த வாசம் வந்தது. மிளகு வாசத்தோடு அது கலந்ததும், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பதாகவே நினைத்து, "டீ வெக்கட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

இதை நானே எழுதுகிறேன். ஒரு வரி முடியும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுந்துபோய் முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து அடுத்த வரியைத் தொடங்குகிறேன். ஆனால் சந்தோஷத்தின் பின்னாலேயே ஒரு குறுகுறுப்பும் வந்துவிடுகிறது. உங்கள் படிப்பு நேரத்தைத் தின்று வளர்ந்த எழுத்து இது.

உங்கள் மகள் நேற்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து பெட்டிகளை எடுத்துக்கொள்கிறாளாம். பேச்சின் நடுவே சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தாவுக்குப் பரிட்சைன்னா பயமுங்க மாமா. தேதி வாங்குறதும் தள்ளிப்போடுறதுமாவே காலத்தை ஓட்டிட்டாரு. ரெண்டு பேரும் அங்க உக்காந்து அரட்டைதானுங்களே அடிச்சீங்க?"

நான், "அட, போ கண்ணு" என்று மட்டும் சொன்னேன். உங்க அத்தா பயந்த ஆள் இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால், பிறகு ஏன் தள்ளிப்போட்டார் என்பதையும் சொல்ல வேண்டுமே. அதற்கு வாய் வரவில்லை.

ஏற்காடு பஜாரில் உங்கள் கடை எத்தனை வேஷம் போட்டது! முதலில் எஸ்.டி.டி. பூத். பிறகு பிரவுசிங் சென்டர். கடைசியில் ஜெராக்சும் ரீசார்ஜும். எல்லாக் காலத்திலும் தொல்லை மட்டும் ஒன்றுதான். மலையில் மழை பிடித்தால் லைன் போய்விடும். கீழேயிருந்து ஆள் வருவார், எதையோ தட்டுவார், லைன் வந்துவிடும், அவரும் போய்விடுவார். எங்கே அறுந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. "சாகறதுக்குள்ள அது எங்க அறுந்துச்சுன்னு நானே கண்டுபிடிக்கோணுமுங்க மாப்ளே" என்றீர்கள். அதற்காகத்தான் பேத்தி எடுத்த வயதில் நெட்வொர்க் சர்டிபிகேட் பரிட்சைக்குப் புத்தகம் வாங்கினீர்கள். புத்தகம் படித்தால் மட்டும் கை பழகாது என்று, கம்பெனிகள் கழித்துப்போட்ட ரௌட்டர் பெட்டிகளைச் சேலத்தில் தேடிப்பிடித்து, பஸ்ஸில் ஒவ்வொன்றாக மடிமேல் வைத்துக்கொண்டு வந்தீர்கள். ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் அதைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டதாகக் கண்டக்டர் பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அவற்றை வீட்டில் ஓடவிட்ட அன்றே உங்கள் வீட்டம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஊட்டுக்குள்ள மாவு மிசின் ஓடுற மாதிரி இருக்குது. ஒண்ணு அது இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்." அப்படித்தான் அவை மஞ்சக்குட்டைக்கு, என் மிளகு அறைக்கு வந்து சேர்ந்தன. என் வீட்டில் சத்தத்தைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பெட்டிகளின் சூட்டில் அறை காய்ந்து கிடந்ததால் பனிமூட்ட மாதங்களில்கூட மிளகில் பூஞ்சை பிடிக்கவில்லை. அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று ஒருநாள் என் ஈர வேட்டியைப் பெட்டிமேல் விரித்துவிட்டேன். நீங்கள் வந்து பார்த்துப் போட்ட கூச்சல் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டது. "ஏனுங்க மாப்ளே, அது நாகலூருங்க! நாகலூர் மேல வேட்டியக் காயப்போடுறீங்களே!"

நான்கு பெட்டிகளுக்கும் ஊர்ப்பெயர் வைத்திருந்தீர்கள். மேல் தட்டில் ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை. அடித்தட்டில் சேலம். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதிய லேபிள். பிற்பாடு ஒவ்வொரு கேபிளின் இரண்டு நுனியிலும், அந்த நுனி எந்த ஊர்ப்பெட்டியில் சேர வேண்டுமோ அந்த ஊரின் பெயர். ஒரு ரோட்டில் மரம் விழுந்தால் பஸ் வேறு ரோட்டில் சுற்றிப் போகிற மாதிரி, ஒரு கேபிள் அறுந்தாலும் சேதி வேறு வழியில் போய்ச் சேரும் என்று சொன்னீர்கள். "இந்த மூணு ஊருக்கும் நடுவுல இப்படியெல்லாம் ரோடே இல்லீங்களே பாய்" என்றேன். "நான் போட்ட மலையில இருக்குதுங்க. அங்க நான்தான் கலெக்டரு" என்றீர்கள்.

பிறகு நம் விளையாட்டு வந்தது. பரிட்சையில் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்களாம். தானே உண்டாக்கிய பழுதைத் தானே தேடினால் பழக்கம் வராது, அதற்கு ஒரு வேண்டாத ஆள் வேண்டும். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அதற்காகச் சுற்று வழிகளை மூடிவைத்தீர்கள், ஒரு கேபிளைப் பிடுங்கினாலே அந்த ஊர் பேசாமல் போகும். மாலை ஜீப்பில் வந்து இறங்குவீர்கள். டீயை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகு காட்டி வெளியே உட்காருவீர்கள். நான் உள்ளே போய் ஏதாவது ஒரு கேபிளைப் பிடுங்கி, சொருகியிருப்பதுபோலவே ஓரமாக வைத்துவிட்டு வருவேன். நீங்கள் கேபிளைப் பார்க்கவே மாட்டீர்கள். லேப்டாப் முன் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகக் கூப்பிடுவீர்கள். பதில் வந்தால் திரையில் ஒரு வரி வரும். வராவிட்டால் தாடியைத் தடவுவீர்கள். "பதில் வரலைன்னா ஆளே இல்லைன்னு முடிவு பண்ணக்கூடாதுங்க மாப்ளே. ஆள் இருப்பாரு. வழிதான் அறுந்திருக்கும்" என்பீர்கள். டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்த ஆத்திரத்தில்தான் அன்று லேபிளில் கை வைத்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடந்த மாலை வகுப்புக்கு நான் போய்க்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு உங்களிடம் சொல்லவில்லை. அதுவரை எனக்குக் கறுப்புப் புழுக்களாகத் தெரிந்த எழுத்துகள் மெல்ல மெல்ல ஊர்களாகிக்கொண்டிருந்தன. நாகலூர் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு நாகலூர் லேபிளையும் மஞ்சக்குட்டை லேபிளையும் மாற்றி ஒட்டலாம் என்று உரித்தேன். உரிக்கும்போது இரண்டுமே கிழிந்துவிட்டன. வேறு வழியில்லாமல் புதிதாக இரண்டு எழுதி, மாற்றி ஒட்டினேன்.

நீங்கள் லேபிளை நம்புகிற ஆள். நாகலூர்தான் பேசவில்லை என்று லேப்டாப் சொன்னது. நாகலூர் என்று ஒட்டியிருந்த பெட்டியில் எல்லாக் கேபிளும் சரியாக இருந்தன. பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டீர்கள். கேபிளை மாற்றினீர்கள். டீ ஆறி ஆடை படிந்தது. "மாப்ளே, இன்னைக்கு நீங்க ஒண்ணுமே புடுங்கலையா?" என்றீர்கள். "புடுங்கிட்டுத்தானுங்க வந்தேன்" என்றேன். கடைசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேபிளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனீர்கள்.

"இது என்ர எழுத்து இல்லீங்களே."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுத முயல்கிறேன், வரவில்லை. "அடக் கள்ளா! எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?" என்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர். பிறகு அந்த லேபிளைக் காட்டி, "இது தேர்த் திருவிழாவுல மாடு ஓடுன மாதிரி இருக்குதுங்க, ஆனா நாகலூர்தான்" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து நீங்கள் பரிட்சைப் புத்தகத்தோடு பேப்பரும் கொண்டுவந்தீர்கள். முதலில் பாதி நேரம் உங்களுக்கு, பாதி நேரம் எனக்கு என்று இருந்தது. நான் தலைப்பைப் படிப்பேன். அதற்குக் கீழே இருப்பதையும் படிக்க ஆசை வரும். நீங்களும் ஆகட்டும் என்பீர்கள். பஜாருக்குப் போனால் ஒவ்வொரு கடைப் போர்டாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவேன். "மெதுவாங்க மாப்ளே, கடையெல்லாம் ஏலத்துக்கு வந்துருச்சுன்னு நெனைக்கப் போறாங்க" என்றீர்கள். டிரைவர் முகத்தைப் பார்த்துப் பஸ் ஏறிய நான், முதல் முறையாகப் போர்டைப் படித்துவிட்டு ஏறியபோது ஜன்னல் வழியாக உங்களுக்குக் கை ஆட்டினேன். உங்கள் புத்தகம் எத்தனையாவது பக்கத்தில் நின்றது என்று அன்று நான் கேட்கவில்லை.

ஒரு மாலை நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் வாசலில் நின்று போனில் பேசியது காதில் விழுந்தது. "பரிட்சை அடுத்த மாசம் வேண்டாமுங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க." உள்ளே வந்தீர்கள். நான் பேப்பரில் குனிந்துகொண்டேன். 'பாய், முதல்ல நீங்க எழுதிட்டு வாங்க, இது எங்கயும் ஓடிப்போகாது' என்று சொல்ல அதுதான் இடம். எனக்கு அப்போது ஒரு சேதியின் கடைசி வரி பாக்கி இருந்தது. அதில் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அதைத்தான் படித்தேன்.

கடைசியாக வந்த அன்று உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஜீப் கிடைக்காமல் ஏற்றத்தில் நடந்ததால் என்றீர்கள். "இன்னைக்கு மாத்தி ஆடுவோமுங்க. நீங்க வெளிய உக்காருங்க" என்று என்னை முதுகு காட்டி உட்காரவைத்தீர்கள். வெகுநேரம் உள்ளேயே இருந்தீர்கள். பிறகு கூப்பிட்டு, "சேலம் பதில் சொல்ல மாட்டேங்குது. ஏன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றீர்கள். எல்லாத் துளையிலும் கேபிள் இருந்தது. தொங்குவது ஒன்றுமில்லை. நான் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏமாத்துறீங்க பாய்" என்றேன். "கையில இல்லீங்க, கண்ணுல தேடுங்க" என்று சொல்லும்போதே பஸ் ஹாரன் கேட்டது. "நாளைக்கு வந்து கேக்கறனுங்க" என்று போனீர்கள். மறுநாள் உங்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து நான் உங்களுக்குச் செய்தது, எல்லோரோடும் நின்று மண் போட்டதுதான்.

இன்று காலை லேப்டாப்பைத் திறந்தேன். எனக்காக நீங்கள் வைத்திருந்தபடி கறுப்புத் திரை தானே வந்தது. மேல் அம்பை அழுத்தினால் கடைசியாகக் கேட்டதையே அது திரும்பக் கேட்கும் என்று சொல்லித் தந்திருந்தீர்கள். அழுத்தினேன். நீங்கள் கடைசியாகத் தட்டியது அப்படியே வந்து நின்றது. எண்டரைத் தட்டினேன். சேலம் பேசவில்லை.

பெட்டிகளின் முன் மணை போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேபிளின் நுனியையும் விரலால் பிடித்துப் படித்தேன், பிறகு அது சொருகியிருந்த பெட்டியின் பெயரைப் படித்தேன். ஏற்காடு, ஏற்காட்டில். மஞ்சக்குட்டை, மஞ்சக்குட்டையில். பிறகு ஒரு நுனியில் சேலம் என்று எழுதியிருந்தது. அது நாகலூர் பெட்டியில் இருந்தது. அடித்தட்டில் குனிந்து பார்த்தேன். சேலத்தில் சொருகியிருந்த வேறொரு கேபிளின் நுனியில் நாகலூர் என்று இருந்தது. படிக்கத் தெரிந்தவனால் மட்டும் கண்டுபிடிக்கக்கூடிய பழுது. உங்கள் பரிட்சைக்காக இருந்த கடைசி மாலையில், மூச்சு வாங்க உட்கார்ந்து, எனக்கு ஒரு பரிட்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இரண்டையும் மாற்றிச் சொருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் ஒரு வரி வந்தது. அடுத்தது. அடுத்தது. அந்த ஆங்கிலம் எனக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு பதில் என்று தெரியும். "பாய், வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். மிளகு மூட்டைகளைத் தவிர அங்கே கேட்க யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளை இங்கே உட்காரவைத்துச் சொல்வேன். உங்க அத்தா பயப்படலை கண்ணு, தேதியைத் தள்ளினது எனக்காக, நான் தெரிஞ்சே பேசாம இருந்துட்டேன் என்று. அவள் கோபப்பட்டால் படட்டும். பெட்டிகளை எடுத்துக்கொள்ளட்டும். நான் எழுதிய அந்த நாகலூர் லேபிளை நீங்கள் தூக்கிப்போடவே இல்லை, சரியான பெட்டியில் எடுத்து ஒட்டியிருந்தீர்கள். அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

பதில்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நிறுத்துவது எந்தப் பட்டன் என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். அவள் வரும்வரை ஓடட்டும்.