முனை வெட்டாத பெல்ட்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. ஊரே குறட்டை விடுகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள், திட்டாதே. சின்னவள் தூங்கினால்தான் என் இரண்டு கையும் எனக்குச் சொந்தம் என்பது உனக்குத் தெரியாததா. இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு இருமல் விட்டது. சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது, வீட்டுக்கு யார் வந்தாலும் வாயைத் திறந்து ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறாள். உன் சுகத்தைத்தான் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்காமலும் பேனா நகரமாட்டேன் என்கிறது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, கழுத்து வலி எப்படி இருக்கிறது?

நீ அனுப்பிய பெட்டி போன வாரம் வந்து சேர்ந்தது. மேலே உன் கம்பளிச் சட்டை, அதன் கீழே புத்தகங்கள், மூலையில் சுருட்டி வைத்த கேமரா பெல்ட். போனில் நீ மாசக் கடைசியில வந்துடறேம்மா, எனக்கு இந்த வேலை வரலை என்று சொன்னபோது ஏதோ அலுப்பில் பேசுகிறாய் என்று நினைத்தேன். சாமானை முன்னால் அனுப்பிவிட்டு ஆள் பின்னால் வருவது அலுப்பு இல்லை, முடிவு. அந்தச் செருப்புக் கடைத் திறப்பு விழாவில், மாடிப்படியில் நின்று நீ கீழே குனிந்தபோது உன் கேமரா பெல்டிலிருந்து கழன்று விழுந்தது, அதில் மாட்டியிருந்த ஸ்டூடியோ முதலாளியின் பெரிய லென்ஸ் உடைந்தது, அவர் எல்லார் முன்னாலும் கை நடுங்கற பொண்ணுக்கு லைட் ஸ்டாண்டு போதும் என்று சொன்னார், அன்றிலிருந்து நீ விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். இதெல்லாம் நீ சொல்லித் தெரியும். அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசியில் நீ மெதுவாக, அவர் சொல்றதும் சரிதானோ என்னவோம்மா என்றாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஏன்டி, யார் கை நடுங்குகிறது? சின்னவள் பிறந்த வாரத்தில் அவள் நகத்தை வெட்ட நானும் பயந்தேன், அப்பாவும் பயந்தார், நர்ஸம்மாகூட இன்னும் பத்து நாள் போகட்டுமே என்று நழுவினாள். பத்தாம் வகுப்புப் பாவாடையோடு வந்து நின்று, அரிசி மணி அளவு விரலைப் பிடித்து, அவள் முழிக்காமல் பத்து விரல் நகத்தையும் வெட்டி முடித்தவள் நீ. அந்தக் கையைத்தான் அவர் நடுங்குகிறது என்கிறார்.

பெட்டி வந்த அன்று சாயங்காலமே பெரியப்பா வந்துவிட்டார், நீ வரப்போகிறாய் என்று உன் அப்பா சொல்லியிருப்பார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான் அன்னைக்கே சொன்னேன், நகை போட்டு அழகு பார்க்க வேண்டிய கழுத்துல நாய்க்குக் கட்டற மாதிரி பட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா அலையறது நம்ம வீட்டுக்கு ஒத்து வருமா என்றார். பொதுவாக அவர் பேசினால் நான் காபி போட உள்ளே போய்விடுவேன், இருபது வருஷமாக அப்படித்தான் காபி போட்டுக் காலத்தைத் தள்ளினேன். அன்றைக்குப் போகவில்லை. நாய்ப் பட்டையோட இன்னொரு முனை வீட்டுக்காரன் கையில இருக்கும் மாமா, என் பொண்ணு பட்டையோட இரண்டு முனையும் அவ கையிலயே இருக்கு, அதுதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு என்றேன். அவர் செருப்பைத் தேடுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, அதன் பிறகுதான் அந்த முனைகளை நான் சரியாகப் பார்த்தேன். பெல்டை மேஜையில் நீட்டிப் போட்டேன். கேமராவின் வளையத்துக்குள் நுழைகிற அந்த மெல்லிய நாடா, பக்கிள் கொக்கிக்குள் மடிந்து திரும்பி வந்த பிறகு குறைந்தது நாலு விரல் நீளமாவது மிச்சம் தொங்க வேண்டும். உன்னுடையதில் மடிந்து வந்து பிடிப்பதற்கே நாடா போதவில்லை, கொக்கியை எட்டிப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறது. நாடாவைக் கொக்கியோடு பிடித்து வைப்பது உராய்வுதான், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் படித்த இயற்பியலில் உராய்வு ஒரு பாடத்தில்தான் முழு மார்க். சின்ன லென்ஸ் போட்டிருந்தவரை அது எப்படியோ தாக்குப் பிடித்திருக்கிறது, நாளுக்கு நாள் நூலளவு நூலளவாக நழுவியிருக்கிறது, அன்று முதலாளி தன் கனமான லென்ஸை மாட்டிக் கொடுத்ததும் முழுசாக உருவிக்கொண்டது. இது உன் கை செய்த வேலை இல்லை. சரி, நாடா ஏன் குட்டையாக இருந்தது என்று முனையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில், பிசிறு இல்லாமல், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வெட்டியிருந்தது. அப்படி வெட்டுகிற ஆள் நம் வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார்.

உன் அப்பா. பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் நின்று நின்று, எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். துண்டு நூல், திரைச்சீலைக் கயிறு, உன் ஷூ லேஸ், என் கைப்பை வார், ஒன்று தப்பியது உண்டா? நீ கிளம்புகிறதற்கு முந்தின நாள், பெல்டின் முனைகள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளை புது ஊரில் அலங்கோலமாக நிற்கக் கூடாதே என்று பாசத்தோடு வெட்டி, நெருப்புக் குச்சியால் விளிம்பைச் சுட்டும் விட்டிருக்கிறார். பெல்டை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார், முனையைத் தடவினார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நான் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்திருக்கும்.

அடுத்த நாள் நான் கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர் சாருக்கா மேடம் என்றார். என் பெண்ணுக்கு, அவள் போட்டோகிராபர் என்றேன், சொல்லும்போது குரலைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னேன். லேடீஸுக்குன்னா பூப்போட்ட ஸ்ட்ராப் இருக்கு, ரொம்ப ஓடுது என்று எடுத்து வைத்தார். கேமரா ஓடி விழுந்ததுதான் என் கவலை, பூ ஓடினால் எனக்கென்ன, கனம் தாங்கறதைக் காட்டுங்க என்றேன். அப்புறம் மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார், எல்லா மாதிரியும் இறக்கிக் காட்டினார், ஒத்து வராததைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார். மூன்றை வாங்கி வந்தேன். கேமராவுக்குப் பதில், கைப்பிடி வைத்த தண்ணீர் கேனில் உன் கேமரா கனத்துக்குத் தண்ணீர் நிரப்பி, நாளுக்கு ஒரு பெல்டில் மாட்டிக்கொண்டு கிளினிக் வேலைக்குப் போய் வந்தேன். கண்டக்டர் என்ன மேடம், எங்க பஸ்ஸுல அவ்வளவு தாகமா எடுக்குது என்று கேட்டார். சிரிக்கட்டும்.

ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்ததுதான் முதல் நாள். கடையில் கழுத்துக்குச் சுகமாக இருந்தது, நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் நீண்டு சுருங்கிக் கேன் என் வயிற்றில் குதித்தது, மதியத்துக்குள் கழுத்து வேர்த்துப் பிசுபிசுத்தது. தோல் பெல்ட் பார்க்க ராஜாவாட்டம் இருந்தது, ஆனால் அதுவே ஒரு கனம், ஓரம் கழுத்தை அறுத்தது. கிளினிக்கில் எங்கள் பிசியோ மேடம் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டு, ரிசப்ஷன்ல உட்கார்றவளே பேஷண்டா வந்து படுக்கப் போறியா, கழுத்துல தொங்க விடாதே, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்கே போடு, தோள்பட்டையில் அகலமா இருக்கணும் என்றார். மூன்றாவது அப்படிக் குறுக்கே போடுகிறது, பருத்தி நாடா, தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு வைத்தது. சாயங்காலம் வரை போட்டிருந்தேன், தோளில் இருப்பதே மறந்துபோய் அதோடு சமையலுக்கு நின்றேன். குனிந்தபோது மட்டும் கேன் முன்னால் ஊசலாடி வந்து சின்னவள் நெற்றியில் இடித்தது. அவள் அழுது முடித்துவிட்டுப் பழிக்குப் பழியாக அதைப் பிடித்துத் தொங்கினாள், பெல்ட் அசையவில்லை. அதுதான் உனக்கு.

எழுத்தெல்லாம் இல்லாத கறுப்பு நிறமாகப் பார்த்து எடுத்தேன். கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் திருடனுக்கு விலைச் சீட்டைக் காட்டுகிற மாதிரி. கேமராவின் அடியில் திருகுகிற வகையை வேண்டாம் என்றுவிட்டேன், திருகு நடக்க நடக்கத் தானே கழலுமாம், இது இரண்டு பக்க வளையத்தில் மாட்டுவது. அது போக ஒரு சின்னக் கயிறும் வைத்திருக்கிறேன், ஒரு முனையைக் கேமரா வளையத்திலும் மறு முனையைப் பெல்டிலும் மாட்டு, கொக்கியே கைவிட்டாலும் கயிறு பிடிக்கும். நாடாவை வளையத்தில் நுழைத்து, கொக்கியில் மடித்துக் கொண்டுவந்து, மிச்ச முனையைக் கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பட்டைக்குள் சொருகு. காலையில் கேமராவோடு கிளம்புவதற்கு முன்னால் மெத்தை மேல் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரு இழு இழுத்துப் பார். குனியும்போது ஒரு கையால் கேமராவைப் பக்கவாட்டில் அணைத்துக்கொள், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறவள் குனிகிற மாதிரி. சட்டைக்கு மேலே போடு, வெறும் தோளில் போடாதே. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தாலும் நான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா திரும்ப வந்தார், ஒரு வாரத்தில் கோபம் ஆறிப் புத்திமதி ஊறியிருந்தது. அஜாக்கிரதையான பொண்ணை வெளியூர்ல விட்டா இப்படித்தான் என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அண்ணே, அவ அஜாக்கிரதை இல்ல, பெல்ட் முனையை வெட்டினது நான், கேமரா விழுந்தது என்னால என்றார். தன் அண்ணன் முகத்துக்கு நேரே அவர் மாற்றிப் பேசி நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பேன்.

அவர் போன பிறகு அப்பா புதுப் பெல்டைக் கேட்டார். கொடுக்க எனக்குப் பயம், கத்தரிக்கோலை முதல் வேலையாக அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அவர் பெல்டைக் கேனில் மாட்டி, நாடாவைக் கொக்கியில் மடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார், மறுபடி அவிழ்த்து மறுபடி மாட்டினார். இரண்டு முனையும் நீளமாகத் தொங்கின. அவருடைய கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானாகவே வெட்டுகிற மாதிரி ஆடின, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் முனைகளை ஒவ்வொன்றாகச் சொருகி, பெல்டைச் சுருட்டி என்னிடம் கொடுத்து, கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும்னு சொல்லு என்றார். அவரால் உனக்கு எழுத முடியாது, எழுத உட்கார்ந்தால் பேப்பரின் ஓரத்தை நேராக்கிக்கொண்டே இருப்பார். அதனால் நான் சொல்கிறேன்.

இப்போது கேள். உன் பெட்டியை நாளைக் காலை திருப்பி அனுப்புகிறேன். கம்பளிச் சட்டை, புத்தகம் எதையும் நான் வெளியே எடுத்து அடுக்கவில்லை, உன் அலமாரியில் இப்போது சின்னவளின் பொம்மைகள் குடியிருக்கின்றன, இடமும் இல்லை. மேலே புதுப் பெல்ட் இருக்கும், அதன் பக்கத்தில் பழையது. பழையதை முதலாளி மேஜையில் வைத்து, வெட்டின முனையைக் காட்டி, உங்க லென்ஸ் போனதுக்கு வருத்தப்படறேன் சார், ஆனா என் கை நடுங்கலை, அடுத்த வேலைக்கு என் கேமராவோட வரேன் என்று சொல். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, பெரியப்பாவிடம் பேசியபோது எனக்கும் நடுங்கியது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான் ஸ்டூடியோ வைத்திருக்கிறாரா? அதன் பிறகும் உனக்கே இந்த வேலை பிடிக்கவில்லை என்றால் வா, கதவு திறந்துதான் இருக்கும், பொம்மைகளைக் காலி செய்கிறேன். ஆனால் வெட்டுப்பட்ட நாடாவுக்காக நீ வரக் கூடாது. அது நடக்க நான் விடமாட்டேன்.

உன் தோளும் கழுத்தும் வலியில்லாமல் இருக்கட்டும், கண்ணும் கையும் ஒன்றாக நிற்கட்டும், நீ எடுக்கிற படத்தில் எல்லாரும் நன்றாக விழட்டும், நீ மட்டும் எங்கேயும் விழாதே. நேரத்துக்குச் சாப்பிடு. சின்னவள் தன் ஆடுகிற பல்லை நீ வந்து படம் எடுக்கிற வரைக்கும் விழவிடமாட்டாளாம், விடுமுறைக்கு வரும்போது கேமராவோடு வா.

பெட்டி கிடைத்ததும், முதலாளியிடம் பேசினாயா, என்ன சொன்னார் என்று உடனே பதில் எழுது.

என்றும் உன்,
அம்மா